கம்ப்யூட்டர் அறைச் சாவியைத் தர மறுத்த நாள்

இன்று எங்கள் தலைமையாசிரியரிடம் முதன்முறையாக "முடியாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் போட்டோவைப் போட்டு, அவள் பெயரிலேயே யாரோ இணையத்தில் பொய்யாக ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறார்கள். அதை முதலில் என்னிடம் சொன்னதே அவள்தான்.

காலையில் அவள் அப்பா வந்தார். கூடலூரில் ஜீப் ஓட்டுகிறவர். "ஊருல என்னென்ன பேசுறாக தெரியுமா டீச்சர்? இனிமே எம்புள்ள கம்ப்யூட்டர் பக்கமே போக வேணாம்."

தலைமையாசிரியர் அதற்கும் மேலே போனார். "பொம்பளப் பிள்ளைக யாருக்குமே கம்ப்யூட்டர் வகுப்பு வேணாம். அறைச் சாவியக் குடுங்க."

நான் கொடுக்கவில்லை.

அப்போது அப்பாவின் பின்னால் நின்றிருந்த அவள் பேசினாள்.

"போட்டோவத் திருடுனவன் எங்கயோ நல்லா இருக்கான். எங்கள எதுக்கு சார் வெளிய நிறுத்துறீக?"

அவள் அப்பா என் பக்கம் திரும்பி, "அந்தப் பக்கத்த எப்படி எடுக்க வைக்கிறது டீச்சர்? எனக்குக் காட்டுங்க" என்றார்.

அவளும் அப்பாவும் நானும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தோம். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, தளத்துக்குப் புகார் அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை தினமும் அனுப்புவோம்.

பாஸ்வேர்டையும் போட்டோவையும் எப்படிப் பாதுகாப்பது என்று நாளை எல்லோருக்கும் பாடம் எடுக்கிறேன். அடுத்தவர் போட்டோவில் கை வைக்கக் கூடாது என்பதைப் பையன்களுக்கு இரண்டு முறை சொல்வேன்.

சொல்பேச்சு கேட்காததற்கு தலைமையாசிரியர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். "மதிப்பிற்குரிய ஐயா" வரை எழுதிவிட்டேன். வருத்தம் தெரிவிக்காமல் அடுத்த வரியை எப்படித் தொடங்கலாம், சொல்லுங்கள்.