அம்மா பாதியில் நிறுத்திய வசனம்

போன மாதம் கதிர்காமம் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஒரு காலேஜ் பையன் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு தடவை "தம்பி" என்றாள். அவன் நிமிரவில்லை. மூன்றாவதாக அவள் தம்பி என்று சொல்லவில்லை. "கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை" என்றாள். பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர், "அழுது பார்த்தேன், இரங்கவில்லை" என்றார். அந்தப் பையனே சிரித்துவிட்டான். "இனி நான் கேட்கப் போவதில்லை, எடுத்துக்கொள்ளப் போகிறேன்!" என்று முடித்துவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டான்.

அது ஒரு பழைய படத்தின் வசனம். அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டான். நானும் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் அந்த வசனத்துக்கு எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது. சபையில் பேசிப் பழக்கமில்லாதவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் குருசுக்குப்பம், கடலோர மீனவக் குப்பம். மாதா கோயில் திருவிழாவுக்குத் தென்னை மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் காலையில் பக்திப் பாட்டு, மத்தியானம் சினிமாக் கதை வசனம். கண்ணால் பார்க்காத படத்தை நாங்கள் காதால் மனப்பாடம் செய்தோம். அதில் அந்த இடம் வந்தால் தெருவே வேலையை நிறுத்திவிடும். நிலத்தைப் பறிகொடுத்த கதாநாயகி ஜமீன்தார் முன்னால் நின்று அந்த மூன்று வரியையும் சொல்வாள். அவர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "கை நீட்டினால் கை இருக்காது!" என்பார்.

கதாநாயகி வசனத்தைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். ஜமீன்தார் வசனம் ஒரே ஒருவருக்குத்தான். எனக்கு அத்தை முறையாகும் ஒரு பெண். மீன் மார்க்கெட்டில் அவளுக்கு 'மைக்செட்' என்று பெயர். அந்தச் சிரிப்பையும் சேர்த்து அவள் சொல்லும்போது கைக்குழந்தைகள் அழும். வேறு யாரும் அந்த வரியைத் தொட மாட்டார்கள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் படகில் அப்பாவின் வலது கை கயிற்றில் சிக்கிக்கொண்டது. மூன்று விரல்கள் போயின. இனிக் கடலுக்கு முடியாது என்று தெரிந்த அன்றைக்கு அம்மா பரணிலிருந்து மீன் சுமக்கிற அன்னக்கூடையை இறக்கிக் கழுவினாள். என்னையும் சேர்த்து மூன்று பிள்ளைகள். அம்மா மீன் விற்றால்தான் அடுப்பு எரியும்.

மார்க்கெட்டில் மேடை இடம் பரம்பரையாக வருவது. எங்கள் பெரியத்தை மகனோடு பிரான்சுக்குப் போகும்போது, தன் இடம் அம்மாவுக்குத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்போது அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. காலி இடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்துக் கூடைகளுக்கு அடியில் மறைந்துவிட்டது. பக்கத்துக் கூடைகள் மைக்செட் அத்தையுடையவை.

அம்மா வெளியே வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மீன் மேல் தண்ணீர் தெளிப்பது என் வேலை. பத்து மணி வெயிலுக்கே சங்கரா மீனின் கண் வெளுத்துவிடும். வெளுத்த மீனைக் கேட்பவர்கள் பூனைக்குப் போடுவதற்குக் கேட்பார்கள்.

எங்கள் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தவை சுருட்டை முடியும் வாய் திறக்காத குணமும். அவள் முதல் தடவை மேடைக்குப் போய், "அக்கா, அந்த எடம்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள்.

"என்னாடி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க? சத்தமா சொல்லு. எனக்குக் காது அடைச்சிருக்கு" என்றாள் மைக்செட் அத்தை. மேடை முழுக்கச் சிரிப்பு.

இரண்டாம் தடவை அம்மாவுக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"அய்ய, மீன் மேல அழுவாத. அப்பறம் கருவாடுன்னு சொல்லி விக்கணும்."

அதற்கும் சிரித்தார்கள். அம்மா திரும்பி வந்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அதன்பின் சில நாட்கள் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குழாயடியில், அடுப்படியில், அப்பாவின் கைக்கு மருந்து வைக்கும்போது. கோயிலில் எல்லோரும் ஜெபமாலை சொல்லும்போது அம்மாவின் உதடு வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவின் விரலுக்காகத் தனி ஜெபம் என்று நினைத்துக்கொண்டேன். விரல் திரும்ப முளைக்குமா என்று தம்பியிடம் விவாதம் கூட நடத்தினேன்.

ஒரு திங்கட்கிழமை அம்மா வாய்க்காலைத் தாண்டி நடந்தாள். "அம்மா, எடம் இங்க" என்றேன். அவள் திரும்பவில்லை. தலையில் கூடையோடு நேரே மேடைக்குப் போய் மைக்செட் அத்தையின் எதிரில் நின்றாள்.

"கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை."

அரிவாள்மனைகள் நின்றன. வீட்டில்கூட அம்மாவின் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

"அழுது பார்த்தேன், இரங்கவில்லை."

யாரோ விசில் அடித்தார்கள். "யக்கா, ஒனக்குத்தான் வந்துருக்கு! விடாத!" என்று ஐஸ் போடுகிறவர் மைக்செட் அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"இனி..." என்றாள் அம்மா. "இனி..."

அவ்வளவுதான். கூடையிலிருந்து தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது. எல்லோரும் மைக்செட் அத்தையைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மார்க்கெட் கூரை அதிர,

"இனி நான் கேட்கப் போவதில்லை, எடுத்துக்கொள்ளப் போகிறேன்!" என்றாள்.

ஒரு நொடி ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு கைதட்டல். மைக்செட் அத்தை காலாலேயே தன் கூடையை ஓரமாகத் தள்ளினாள். "எடுத்துக்கயேன்டி. யாரு வேணான்னா? பெருசா வசனம் பேச வந்துட்டா. கூடைய எறக்கு, மீன் நாறப் போவுது."

அம்மா கூடையை இறக்கினாள். உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அங்கேதான் உட்கார்ந்து விற்றாள். ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான் மட்டும்தான். தம்பியும் தங்கையும் அந்த மேடை வருமானத்தில்தான் படித்தார்கள்.

அன்று சாயங்காலம் நான் தெருவில் பெரிய நடிகன். பேசாத பையன் என்று பேரெடுத்த நான் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டினேன். அம்மா வேண்டுமென்றே பாதியில் நிறுத்தினாள், மைக்செட் அத்தை வசனம் வாயில் ஊறிப்போனவள், தன்னை மறந்து முடித்துவிட்டாள், தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாள். இதுதான் நான் சொன்ன கதை. அப்பா கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும், "அவங்கள அப்டி சொல்லாதடா" என்றாள். ஜெயித்தவளின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா நிறுத்தவில்லை, அவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. அன்று மார்க்கெட் முழுவதும் காத்திருந்தது மைக்செட் அத்தையின் சொந்த வசனமான 'கை நீட்டினால் கை இருக்காது' என்பதற்கு. அதைச் சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்திருப்பார்கள், அம்மா வாய்க்கால் ஓரத்துக்கே திரும்பியிருப்பாள். ஊரே பயந்து ரசிக்கிற அந்த வரியை, விரல் போனவனின் பெண்டாட்டியைப் பார்த்து, அத்தை சொல்லவில்லை.

நான் அன்று கைவலிக்கக் கைதட்டினேன், அம்மாவுக்கு மட்டும்.