மேனேஜர் தலையில் மாட்டிய டி-ஷர்ட்

போன வாரம் எங்க பனியன் கம்பெனி மேனேஜர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டார்: "ஏம்மா, புள்ளிக்குப் பின்னாடி இருக்கறத வெச்சு என்ன பண்ணப் போற?"

நான் கம்ப்யூட்டர்ல துணி வெட்டற பேட்டர்ன் போடறவ. இந்த டி-ஷர்ட்டுக்கு ஒவ்வொரு சைஸுக்கும் கழுத்துச் சுற்றளவு 1.4 சென்டிமீட்டர் கூடணும். சாப்ட்வேர் புள்ளியை விடாம கூட்டிட்டே போயி, கடைசி அளவை மட்டும்தான் ரவுண்டு பண்ணும். அவரு அதை நம்பாம, சைஸுக்கு 1 போதும்னு மாத்த வெச்சுட்டார்.

"சார், ஸ்மால்ல இருந்து அஞ்சு சைஸ் ஏறி த்ரீ எக்ஸ்எல் வர்றப்ப ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருமுங்க."

"எனக்கே பாடம் நடத்தறியா?"

இன்னைக்கு த்ரீ எக்ஸ்எல் சாம்பிள் வந்துச்சு. எங்ககிட்ட சரக்கு வாங்கற பையர் ஆபீஸ்காரர் கழுத்தை இழுத்துப் பார்த்து, "டைட்டா இருக்குதே" ன்னார்.

"அதெல்லாம் சரியா இருக்குமுங்க" ன்னு மேனேஜர் அடிச்சுச் சொன்னார்.

நான் ரொம்ப மரியாதையா, "சார், இது உங்க சைஸ்தானுங்க. போட்டே காட்டிருங்க" ன்னேன்.

அவரும் தலையில மாட்டினார். மூக்கு வரைக்கும் போச்சு. அப்புறம் கீழயும் இறங்கல, மேலயும் ஏறல.

பையர் ஆபீஸ்காரர் சிரிப்பை அடக்கிட்டு, "சாப்ட்வேர் அளவுலயே வெட்டிருங்க" ன்னு என்கிட்டச் சொன்னார்.

டி-ஷர்ட்டுக்குள்ள இருந்து, "கத்தரி எடுத்துட்டு வாம்மா!" ன்னு ஒரு சத்தம்.

கத்தரி என் மேஜை மேலதான் இருந்துச்சு. கொஞ்சம் மெதுவாத்தான் நடந்து போனேன்.

தப்புங்களா?