மாந்தளிர் நிறத்தில் ஒரு புல்லட்

அந்த வண்டியை என் கணவருக்காகத்தான் வாங்கினேன் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவர் தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலத்தின் பெரும்பகுதியை நெடுஞ்சாலை ரோந்து புல்லட்டின் மேல் கழித்தவர். பழசானதால் கழித்துக்கட்டிய காவல் வாகனங்களை ஆயுதப்படை மைதானத்தில் ஏலம் விட்டபோது, மனைவி ஆசையாக ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள் என்று அவரும் நினைத்துக்கொண்டார். முழங்கால் அறுவைக்குப் பிறகு அவரால் அதை உதைத்துக் கிளப்ப முடியாது என்று தெரிந்ததும் நம்பிக்கை இடம் மாறியது: சென்னையிலிருந்து மகன் வந்து ஓட்டிக்கொண்டு போவான்.

நான் ஓட்டுவதற்காக வாங்கியிருப்பேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜபாளையத்திலிருந்து கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போன காலமெல்லாம், பேருந்தின் ஜன்னலோரத்தில் இருந்தபடி, அத்தகைய வண்டிகள் எங்களைக் கடந்து மலையை நோக்கி விரைவதைப் பார்த்திருக்கிறேன். கடந்து போகிறவளாக ஒருமுறையேனும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகன் வந்தான்.

"யம்மா, தள்ளி நில்லு. இது பொம்பளைக தொடுற வண்டி இல்ல" என்று சொல்லி ஓங்கி உதைத்தான். மிதி எகிறி வந்து அவன் முழங்காலுக்குக் கீழே அடித்தது.

"ஏலே, மாட்ட உதைக்க மாதிரி உதைக்காத. அது திருப்பி உதைக்கும்" என்றார் அவன் அப்பா, நாற்காலியில் இருந்தபடி.

"செத்த நான் பாக்கட்டுமா?" என்றேன்.

நூலகத்தில் கிடந்த பழைய கையேடு ஒன்றில் அதைக் கிளப்பும் முறையைப் படித்திருந்தேன். மிதியை மெல்ல இறக்கி, மின்னோட்டம் காட்டும் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். கைப்பிடியருகே உள்ள சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டு, மிதியை மேலே வரவிட்டு, பிறகே உதைக்க வேண்டும். அந்த வண்டி கேட்டது வலுவை அல்ல, பொறுமையை. அது என்னிடம் நிறையவே இருந்தது. எஞ்சின் அதிர்ந்து எழுந்தது.

"அப்ப எனக்கு?" என்றான் மகன், காலைத் தேய்த்துக்கொண்டே.

"ஒனக்குத்தான் பஸ் இருக்குல்லலே" என்றேன்.

சைரனையும் சுழல்விளக்கையும் ஏலத்துக்கு முன்பே கழற்றியிருந்தார்கள். 'காவல்' என்ற எழுத்தின் தடம் மட்டும் வெயிலில் தெரிந்தது. கறுப்பு அடித்தால் கெத்தாக இருக்கும் என்றார் பெயின்டர். தேவதானத்துத் தோப்பிலிருந்து ஒடித்து வந்த மாந்தளிரை அவர் முன் நீட்டினேன்.

"என்னக்கா, இதை அரைச்சா அடிக்கணும்?"

ஆனாலும் அந்தச் செம்பழுப்பை அவர் அப்படியே கொண்டுவந்துவிட்டார். என் கால் தரையைத் தொடுமளவுக்கு இருக்கையைக் குறைத்தோம். முன்கண்ணாடியையும் பக்கப் பெட்டிகளையும் மாற்றவில்லை. ஒரு பெட்டியில் புத்தகமும் பிளாஸ்கும் வைத்தேன். மடங்காத முழங்காலுக்குத் தோதாகப் பின்புறக் கால்தாங்கியை முன்னே தள்ளி நீட்டி வெல்டிங் வைத்தபோதுதான், என் கணவருக்கு விஷயம் புரிந்தது.

"ஏட்டி, ரோந்து போனவன் பொண்டாட்டி பின்னால ஒக்காந்து வாரான்னு ஊரு சிரிக்காதா?"

"எல் போர்டு போட்டா லைசென்ஸ் உள்ளவுக கூட இருக்கணும். சட்டம் தெரிஞ்சவுக நீங்க, நீங்களே சொல்லுங்க."

மறுநாள் அவர் ஏறி உட்கார்ந்தார்.

மம்சாபுரம் வழியாகப் பழகினோம். எதிரே வந்தவர்கள் வண்டியின் தோற்றத்தைக் கண்டதும் அவசரமாக ஹெல்மெட்டை மாட்டினார்கள். பின்னால் இருவரை ஏற்றி வந்த ஒரு வாலிபன், ஒருவனை இறக்கி வாய்க்காலுக்குள் ஒளிந்துகொள்ளச் செய்தான். அருகில் சென்றதும் எல் போர்டைப் பார்த்து, "ஏலே, ஏறி வா! ஆச்சி வண்டி பழகுதாவ!" என்று கத்தினான்.

"மூணு பேரா போறது தப்பு. அவன் நடந்து வரட்டும்" என்றது என் காதருகே ஒரு குரல். ஓய்வு பெற்ற பிறகு நான் கேட்காத, அவருடைய பணிக்காலக் குரல். அவன் நடந்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. தரையில் வரைந்திருந்த எட்டின்மேல் கால் ஊன்றாமல் சுற்றி வர வேண்டும். அங்கே நின்ற பெண்களெல்லாம் ஸ்கூட்டரோடு வந்திருந்தார்கள்.

"சின்ன வண்டி ஏதும் கொண்டாரலையாம்மா?" என்றார் அதிகாரி.

"இதுதான் சார் என் வண்டி."

முதல் வளைவில் அதன் பாரம் முழுவதும் என்னைக் கீழே இழுத்தது. கால் ஊன்றத் துடித்தது, ஊன்றினால் அவ்வளவுதான். கிளட்சைப் பாதி பிடித்து, பார்வையை அடுத்த வளைவில் வைத்து, காத்திருந்தேன். வண்டி தானே நிமிர்ந்தது. இரண்டாவது வளைவை அது எனக்கு விட்டுக்கொடுத்தது என்றே சொல்ல வேண்டும். எட்டை முடித்து நின்றபோது, கைத்தடியோடு ஓரத்தில் இருந்த என் கணவர், முன்பின் தெரியாத கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஊனல! பாத்தியளா, அவ ஊனவே இல்ல!"

மகனுக்குச் சென்னையே ஊராகிவிட்டது. ஏலத்தன்று உடன் வந்த உறவினர்கள் அவரவர் வேலைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் இருப்பது நானும் அவரும்தான். பேருந்துகளைக் கடந்து மலையை நோக்கிப் போவதும் நாங்கள்தான்.