பின் இடது சக்கரத்தில் மாட்டியிருந்த கயிறு

கார்த்திகை இரண்டாம் சனிக்கிழமைக்கு நேராக என் டைரியில் மூன்று வரிகள் இருக்கின்றன: ‘செம்பாக்கம் ஷெட். பின்பக்க இடது சக்கரத்தின் சென்சார் மாற்றியாயிற்று. அறுந்த வயரும் கயிறும் என்னிடம்.’ நாள் குறித்து எழுதி வைப்பது என் பழக்கம். அன்று ரத்தம் பட்ட சட்டையை ஊற வைத்துவிட்டு வந்து எழுதியவை என்பதால் அதற்கு மேல் கை ஓடவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, என் மனைவியின் தம்பி என் காரை எடுத்துக்கொண்டு மேடவாக்கத்திலிருந்து தாம்பரம் பக்கம் வந்துகொண்டிருந்தான். முன்னால் போன பைக் ஒரு பள்ளத்தைப் பார்த்துச் சட்டென்று ஒதுங்கியது. இவன் பிரேக்கை மிதித்தான். காரின் பின்பாகம் சுழன்று, பக்கவாட்டில் வழுக்கிப் போய், பைக்கை நடுத்தடுப்போடு வைத்து நசுக்கியது. பைக்கில் வந்த இளைஞருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. கூட்டம் என் மைத்துனனைக் கதவு வழியே இழுத்துத் தரையில் போட்டது. ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார்கள். முன்பற்கள் போயின, தாடை எலும்பு உடைந்தது. யாரோ பின்கண்ணாடியில் கருங்கல்லைப் போட்டார்கள். சிலர் காரைப் புரட்டிப்போடப் பார்த்து, முடியாமல் விட்டிருக்கிறார்கள்.

கார் காவல் நிலையத்து வாசலில் வாரக்கணக்கில் மழையில் நின்றது. அவன் போன் பேசிக்கொண்டு ஓட்டினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவன் கம்பி கட்டிய தாடையோடு என்னிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: “மிதிச்சேன் மாமா. வண்டி நிக்கல. வழுக்கிக்கிட்டே போச்சு.”

காலை இழந்தவரின் அண்ணன் மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். காரை விடுவிக்கப் போன அன்று நிலையத்து வாசலில் என்னை மறித்தார். “பிரேக் புடிக்கலன்னு சொல்றானாமே உன் மச்சான்? எங்க வேணா அவுத்துப் பாரு. ஆனா என் கண்ணு எதிர்ல அவுக்கணும். நான் பாத்தா நம்புறேன்.” வேண்டாம் என்றாள் மனைவி. நான் சரியென்று சொல்லிவிட்டேன்.

எங்கள் மெக்கானிக்கின் ஷெட் செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கிறது. நானும் மைத்துனனும் லாரிக்காரரும் அங்கே போனோம். மெக்கானிக்குக் கை சுத்தம், வாய் அசுத்தம். கம்ப்யூட்டர் கருவியை மாட்டி, காரை ஷெட்டுக்குள்ளேயே மெதுவாக உருட்டினார். ஒவ்வொரு சக்கரத்திலும் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் சுற்றும் வேகத்தை அது சொல்லிக்கொண்டே இருக்கும். அது ஊமையாகிவிட்டால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். பிரேக் இருக்கும், ஆனால் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரத்தில் வண்டி சறுக்கும்.

“மூணு சக்கரம் ஸ்பீடு காட்டுது சார். பின்னாடி லெஃப்ட்டு முட்டை.”

“மெஷினு ஆயிரம் காட்டும்,” என்றார் லாரிக்காரர். “வீலக் கழட்டு.”

கழற்றினார். சென்சார் துளையின் துருவில் சிக்கி இரும்போடு இறுகிப் பிடித்திருந்தது. போல்ட் வந்தது; சென்சார் வரவில்லை. குறடால் முறுக்கியதும் தலை பொட்டென்று உடைந்து, அடிப்பாகம் துளைக்குள்ளேயே நின்றுவிட்டது. உளியை வைத்துச் சுத்தியலால் அறைந்தார். ஒவ்வோர் அறைக்கும் உடைந்த கண்ணாடியின் மிச்சம் சீட்டில் உதிர்ந்தது. உளி நழுவி விரல் முட்டியைக் கிழித்தது. சென்சாரின் தாயை இழுத்துத் திட்டிக்கொண்டு டிரில் பிட்டை ஏற்றினார். பிளாஸ்டிக் புகைந்து, நாறி, தூளாகக் கொட்டியது. என் மைத்துனன் ஷெட்டின் தகரத்தில் சாய்ந்து, ஒவ்வொரு சத்தத்துக்கும் தாடையைப் பிடித்துக்கொண்டான்.

துளை காலியானதும் மெக்கானிக் பழைய வயரைப் பிடித்து இழுத்தார். இழுத்த கைக்கு எதிர்ப்பே இல்லாமல் வயர் குட்டையாக வெளியே வந்தது. காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் திட்டுவது நின்றுபோனது. கத்தியை எடுப்பது தெரிந்தது.

லாரிக்காரரும் சடாரென்று அடியில் நுழைந்தார். இரண்டு பேரின் கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டன. வெளியே வந்தபோது லாரிக்காரரின் கையில் ஒரு கறுப்பு முடிக்கயிறு இருந்தது. அதில் ஒற்றைச் சோழி. கூடக் கட்டிய படிகாரம் மழையில் கரைந்திருந்தது. அறுந்த வயரின் மறுபாதி கயிற்றில் சுற்றியிருந்தது.

“இன்னாய்யா இது?”

“கயிறு.”

“கயிறுன்னு எனக்கும் கண்ணு கீது. அறுத்து ஏன் ஜோபில போட்டுக்கப் பாத்த? யாரு கட்டுனது?”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வாடிக்கையாளர்களின் வண்டிகளுக்குத் திருஷ்டிக் கயிறு கட்டுவது அவர் வழக்கம். முன் பம்பரில் கட்டினால் எவனாவது அறுத்துக்கொண்டு போகிறான் என்று, அந்த வருஷம் எல்லா வண்டிக்கும் பின்பக்கம் அடியில், கைக்கு எட்டிய இடத்தில் கட்டியிருந்தார். என் காரில் கைக்கு எட்டியது சென்சார் வயர். கயிற்றின் நுனி தொங்கிச் சக்கரத்தில் மாட்டி, சுற்றி இழுத்திருக்கிறது.

“நான்தான் கட்டினேன்,” என்றார். “நல்லதுக்குத்தான்...”

சக்கரம் கழற்றிய ஸ்பேனர் லாரிக்காரரின் காலடியில் கிடந்தது. அவர் குனிந்ததை நான் பார்க்கவில்லை, நிமிர்ந்ததைத்தான் பார்த்தேன். மெக்கானிக் நெற்றி பிளந்து தரையில் விழுந்தார். நான் நடுவில் புகுந்து லாரிக்காரரின் கையைப் பிடித்தேன். “உன் திருஷ்டிக்கு என் தம்பி காலு கேட்டுச்சாடா? நல்லதுக்கா? நல்லதுக்கா?” என்று என்னைத் தாண்டி அவரை உதைத்தார்.

அப்போது என் மைத்துனன் கத்தினான். வாய் முழுக்கத் திறக்க முடியாமல், பல்லில்லாத சந்தில் காற்று வர: “நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல! லைட்டு எரிஞ்சுது! ரெண்டு நாளா மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு!”

லாரிக்காரர் உதைப்பதை நிறுத்தினார்.

“ரெண்டு நாளா?”

“ஆமா!”

“பாத்த நீ.”

“பாத்தேன்!”

“பாத்துகினே மழைல எடுத்துகினு வந்த.”

மைத்துனனின் முகம் மாறியது. “இல்ல... எரிஞ்ச மாதிரி... அன்னிக்கு எரியல. சரியா தெரியல அண்ணா.”

“எரியலன்னா வயரு அன்னிக்கு நல்லாத்தான்டா இருந்துது. அப்ப காலு பிரேக்ல இல்ல, கண்ணு போன்ல. எரிஞ்சுதுன்னா தெரிஞ்சே வந்திருக்க. எதுடா? எது?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. புறங்கையால் அறைந்தார். கம்பி கட்டிய தாடையில் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். வாயிலிருந்து வழிந்த ரத்தம், தாங்கப் போன என் சட்டையில் பட்டது.

மெக்கானிக் ஒரு துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு எழுந்தார். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்,” என்றேன். “இத மாட்டிட்டுப் போறேன் சார்,” என்று துளையை உப்புத்தாளால் தேய்த்து, புதிய சென்சாரை அழுத்தி, போல்ட்டை முறுக்கி, வயரைச் சக்கரத்தில் படாமல் தள்ளிக் கட்டி, சக்கரத்தை மாட்டினார். காரை உருட்டிப் பார்த்தபோது கருவியில் நான்கு சக்கரமும் ஒரே வேகம் காட்டின.

“சாவியக் குடு,” என்றார் லாரிக்காரர். மைத்துனனைக் காலரைப் பிடித்துத் தூக்கி முன்சீட்டில் தள்ளினார். அவனைத் தனியாக விடப் பயந்து நான் பின்னால் ஏறினேன்.

ஏரிக்கரைச் சாலை முழுக்கச் சேறு. வேகம் பிடித்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். கடகடவென்று அடியில் அதிர்ந்து, கார் நேராக நின்றது. மைத்துனனின் நெற்றி டாஷ்போர்டில் மோதியது. மறுபடி மிதித்தார். மறுபடி நேராக நின்றது. ஷெட்டுக்குத் திரும்பி, மெக்கானிக்கிடம் சென்சார் வயரைப் பிடுங்கச் சொன்னார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

“இதானே அந்த லைட்டு? நல்லா பாரு.”

அதே இடம், அதே வேகம். மிதித்ததும் பின்பாகம் பிய்த்துக்கொண்டு சுழன்றது. ஏரித் தண்ணீர் என் ஜன்னலுக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. கரையின் கல்லில் பின்பக்கம் இடித்து நின்றோம்.

எஞ்சின் அணைந்துவிட்டது. லாரிக்காரர் ஸ்டியரிங்கை விடாமல், “நின்னிருக்கும்,” என்றார். “வயரு இருந்திருந்தா நின்னிருக்கும்.” அப்புறம் இரண்டு முஷ்டியாலும் ஸ்டியரிங்கைக் குத்த ஆரம்பித்தார். ஹாரன் ஏரி முழுக்க அலறியது. என் மைத்துனன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான், அடுத்த அடி தனக்கென்று நினைத்து. அந்த அடி வரவே இல்லை.

ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் அறுந்த வயரின் நுனியைத் தூக்கிக் காட்டினார். செம்பு பச்சை பூத்திருந்தது. “பழைய அறுப்பு. ஆக்சிடென்டுக்கு முன்னாடியே அறுந்திருக்கு. லைட்டு எரிஞ்சுதான் இருக்கும்.”

“ஸ்டேஷன் வாசல்ல அத்தினி நாளு மழைல கெடந்துது. எந்தச் செம்பும் பச்சயாத்தான் போவும்,” என்றார் லாரிக்காரர். கயிற்றையும் வயரையும் என் மார்பில் எறிந்தார். “நீயே வச்சுக்க. உன் வூட்டுத் திருஷ்டி.”

இரண்டும் ஒரு காகித உறையில், மாதமும் கிழமையும் எழுதி, என் அலமாரியில் இருக்கின்றன. விபத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் வரை அந்தக் காரை ஓட்டியவன் நான். புறப்பட்ட நேரமும் திரும்பிய நேரமும் டைரியில் உள்ளன. விளக்கைப் பற்றி ஒன்றும் இல்லை, நினைவிலும் இல்லை. மைத்துனனிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். தாடையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டான்.

வயர் அறுந்தது விபத்துக்கு முன்னாலா, கூட்டம் காரைப் புரட்டப் பார்த்தபோதா, நிலையத்துக்கு இழுத்துப் போனபோதா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படவில்லை.