அக்கா வீட்டில் நடமாட்டம்

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் திருடனைப் பிடிக்கலாம் என்று என் அக்கா மகன் முடிவு செய்தான். அதற்கான பார்சல் அக்கா வீட்டுக்குப் போகாமல் சிதம்பரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா பெயருக்கு அனுப்பினால் பிரித்துப் பார்த்து எதையாவது கெடுத்துவிடுவாளாம். சோறு ஊட்டி, பல் தேய்த்துவிட்டு, இன்ஜினியரிங் வரை படிக்க வைத்தவள் கை பட்டால் ஒரு அட்டைப்பெட்டி கெட்டுப்போகும் என்று அந்த மேதை கண்டுபிடித்திருந்தான்.

அக்கா வீட்டுக்காரர் போன வருஷம் இறந்துபோனார். அதிலிருந்து அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அதற்கு முன்னும் ஏறக்குறைய ஒருத்திதான், ஏனென்றால் அவர் ஈஸிசேரை விட்டு எழுந்த மனுஷன் இல்லை. அதனால் தனியாக இருப்பது அவளுக்கு ஒன்றும் புதிதில்லை. காலையில் மார்க்கெட், சாயங்காலம் எதிர் வீட்டம்மாவோடு பேச்சு, நடுவில் வீட்டை நாலு சுற்று சுற்றிக் கூட்டுவது, கழுவுவது, திரும்பவும் கூட்டுவது என்று நன்றாகத்தான் இருந்தாள். பின் தெருவில் ஒரு குடும்பம் புவனகிரிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்த பட்டப்பகலில் யாரோ பீரோவை உடைத்துவிட்டார்கள். திருட்டுப் போனது அவர்கள் வீட்டில், தண்டனை என் அக்காவுக்கு.

"இனிமே நீ அங்க தனியா இருக்கறது சரிப்படாதும்மா. சென்னைல ஃப்ளாட் பாத்து வச்சிருக்கேன். வாசல்ல செக்யூரிட்டி இருக்கான், லிஃப்ட் இருக்குது. வூட்ட வித்துடலாம்" என்று அவன் ஃபோனில் சொன்னான். அக்கா அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் அழுதாள். "நான் எங்கயும் போவ மாட்டேன்டி. அந்தக் கூண்டுல என்னா பண்றது?" என்றாள்.

கடைசியில் ஒரு சமரசம் வந்தது. ஹாலில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை மாட்டுவது. வயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். யாராவது அசைந்தால் கூடவே வரும் சைரன் கத்தும், அவன் கையில் இருக்கிற ஃபோனுக்கும் தகவல் போகும். அது ஒழுங்காக வேலை செய்தால் அக்கா கடலூரில் இருக்கலாம். தொந்தரவு என்று வந்தால் வீட்டை விற்றுவிட்டு சென்னைக்குப் போக வேண்டும். சோப்பு டப்பா அளவுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் ஒன்றின் வாயில் என் அக்காவின் மிச்ச வாழ்க்கை மாட்டிக்கொண்டது.

மாட்டும் பொறுப்பை என் வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே ஏற்றுக்கொண்டார். மின்சார ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்த ஆபீசில் அவர் தொட்ட ஒரே மின்சாரம் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனின் சுவிட்ச். ஆனாலும் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்த அழகைப் பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர், பாவம், கடலூருக்கு முன்னால் சிப்காட் ஃபேக்டரிகளின் கெமிக்கல் வாசம் மூக்கில் ஏறும் வரைக்கும் சென்சார் என்றால் என்ன என்ற பாடத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் திரும்பிக்கொண்டேன்.

மாட்டுவதற்கு உள்ளூரிலிருந்து ஒரு மெக்கானிக்கையும் வரச் சொல்லியிருந்தார். அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இந்த வடகிழக்கு மூலைல வச்சா வாசக்கதவு மட்டும் பாக்கும். வூட்ல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றார். உருப்படியான பேச்சு அன்றைக்கு அது ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பதறிப்போனார்.

"ஈசானி மூலைலயா ஓட்ட போடறது? வூடு வெளங்குமா?"

"ஸ்டிக்கர்ல ஒட்டிடலாம் சார்."

"பாரம் ஏத்தக் கூடாதுய்யா அங்க."

பாரமாம். ஒரு தக்காளி எடை இருக்குமா அது? ஆனால் மெக்கானிக்குக்கும் வேறு வேலை இருந்தது. எதிர் மூலையில், அதாவது கன்னி மூலையில், பாரம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம் என்று சாஸ்திரம் இடம் கொடுத்த மூலையில், கருவியைத் திருகி மாட்டிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால் வாசல் பாதிதான் தெரியும். சமையல்கட்டு வாசலும், அங்கிருந்து ஹாலைக் கடந்து போகிற வழியும் முழுசாகத் தெரியும். திருடன் எந்தப் பக்கம் வந்தாலும் அக்கா மட்டும் தப்பவே முடியாது.

அக்கா வீட்டில் இருக்கும்போது அணைத்து வைக்கலாமே என்று நான் கேட்டேன். அதற்குச் சிங்கப்பூரிலிருந்து பதில் வந்தது. "பகல்லதான் சித்தி திருட்டு நடக்குது. எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். அம்மாவுக்கு அதெல்லாம் ஆபரேட் பண்ணத் தெரியாது. நான் பாத்துக்கறேன்."

அப்படியானால் அக்கா நடந்தாலும் கத்துமே? இங்கேதான் என் வீட்டுக்காரரின் மூளை வேலை செய்தது. அதில் மூன்று நிலை இருந்தது, குறைவு, நடுத்தரம், ஜாஸ்தி என்று. அதைச் சரியாகத் திருகி வைத்தால் அக்கா நடந்தால் சும்மா இருக்கும், திருடன் நடந்தால் கத்தும் என்றார். திருடன் வேகமாக நடப்பான், அண்ணி மெதுவாக நடப்பார், அந்த வித்தியாசத்தை அது பிடித்துக்கொள்ளும் என்று விளக்கம் வேறு. இதைக் கேட்டு அக்கா மகன், "சூப்பர் சித்தப்பா" என்றான். படித்த முட்டாளும் படிக்காத முட்டாளும் ஒருத்தரையொருத்தர் மெச்சிக்கொள்வதைக் காதால் கேட்பது பெரிய அனுபவம்தான்.

பிறகு சோதனை நடந்தது. திருடனாக என் வீட்டுக்காரரே நடித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, தோளில் இல்லாத மூட்டையைச் சுமந்துகொண்டு ஹாலில் குறுக்கே ஓடினார். கத்தியது. "பாத்தியா!" என்று வாயெல்லாம் பல். அடுத்து அக்காவை நடக்கச் சொன்னார். அவள் எப்போதும் போல நடந்தாள். அதற்கும் கத்தியது. "மெதுவா அண்ணி." கொஞ்சம் மெதுவாக நடந்தாள். கத்தியது. நாற்காலியில் ஏறி எதையோ திருகிவிட்டு வந்து, "இன்னும் மெதுவா. கைய வீசாதீங்க. கைதான் அதுக்குப் புடிக்கல" என்றார். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து, ஊர்வலத்தில் சாமி நகர்வது மாதிரி அக்கா சமையல்கட்டுக்குப் போனாள். கருவி சும்மா இருந்தது. என் வீட்டுக்காரர் கை தட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மெஷின சரி பண்ணச் சொன்னா எங்கக்காவ சரி பண்றீங்களா?" என்று கேட்டேன்.

"பழகிடும்" என்றார். மெஷின் பழகிவிடும் என்கிறாரா, அக்கா பழகிவிடுவாள் என்கிறாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.

அக்கா பழகினாள். ஆனால் எந்த மனுஷி நாள் முழுக்க நினைவு வைத்துக்கொண்டு அப்படி நடப்பாள்? குக்கர் விசில் அடித்தால் எட்டி நடப்பாள், கத்தும். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டால் எழுந்து ஓடுவாள், கத்தும். எதிர் வீட்டம்மா உள்ளே வந்தால் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வரும். "என்னம்மா? யாரு?" "யாரும் இல்லடா, நான்தான்." "பாத்து நடம்மா. நான் மீட்டிங்ல இருக்கேன்." எதிர் வீட்டம்மா வருவதை நிறுத்திக்கொண்டாள். நான் ஒரு மத்தியானம் போனபோது, சாப்பிட்ட தட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். கை காய்ந்துபோயிருந்தது. எழுந்து கழுவ வேண்டியதுதானே என்றேன். "இப்பதான் ஒருவாட்டி கத்திச்சு. கொஞ்சம் போவட்டும்" என்றாள். ஓயாமல் வீட்டைச் சுற்றி வந்தவள் அவள்.

இதற்கு நடுவில் அவன் சென்னை ஃப்ளாட் பேச்சைத் திரும்பவும் எடுத்துவிட்டான். "டெய்லி அலர்ட் வருது சித்தி. இது சரிப்படாது. தை மாசத்துக்குள்ள முடிச்சிடலாம்." அலர்ட் எல்லாமே உன் அம்மாதான்டா என்று சொன்னால், "அதான் சித்தி, எது அம்மா எது திருடன்னு எனக்கு எப்டித் தெரியும்?" என்றான். பெற்றவளுக்கும் திருடனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று ஒருவன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

ஆயுத பூஜை முடிந்ததும் திடீரென்று எல்லாம் அடங்கிவிட்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு அலர்ட் இல்லை. என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. பூஜைக்கு முந்தின வாரம் போய் அவர் கடைசியாகத் திருகிவிட்டு வந்ததுதான் காரணமாம். தெருவில், டீக்கடையில், எங்கள் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட இதையே பீற்றிக்கொண்டார். அக்கா மகன் இன்னும் ஒரு படி மேலே போனான். இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று இன்னும் இரண்டு கருவி அனுப்பிவைத்தான், சமையல்கட்டுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று.

அந்தப் பார்சலையும் மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் கடலூர் போனோம். மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்று அவர் தெருமுனைக்குப் போனார். அதாவது டீ குடிக்கப் போனார். நானும் அக்காவும் மட்டும் ஹாலில் இருந்தோம். அக்கா விறுவிறுவென்று நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சைரன் கத்தவில்லை. நான் நிமிர்ந்து கன்னி மூலையைப் பார்த்தேன்.

கருவியின் வெள்ளை முகம் முழுக்க மூன்று விரலால் இழுத்த சந்தனப் பட்டை, சுவர்ப் பூச்சு மாதிரி கெட்டியாகக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அது பார்க்கிற கண்ணாடி என்று எதைச் சொன்னார்களோ, அதில் ஊசி நுழைய இடம் இல்லை.

"என்னாக்கா இது?"

"ஆயுத பூஜைக்கு வச்சது. மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், டிவி எல்லாத்துக்கும் வச்சேன். இதுவும் மெஷின்தானே, இத மட்டும் வுட்டா நல்லா இருக்குமா? ஸ்டூல் போட்டு ஏறி வச்சேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வச்சதுலேந்து கத்தவே இல்லடி. எனக்குப் புரிஞ்சு போச்சு. அதுலேந்து வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பழசு மேலயே புதுசா அப்பிடறேன்."

வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வீட்டுக்காரரின் மூன்று நிலை விஞ்ஞானத்தை ஒரு உருண்டை சந்தனம் முடித்துவைத்துவிட்டது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை. தெரு முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீக்கடைக்குப் போன தம்பி வந்தா பாத்துருவாருல்ல?"

"பாப்பாரு."

"தொடச்சிருவாரு. இன்னும் ரெண்டு வேற வருது." புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள். "இந்த ஒரு மாசமாத்தான்டி நான் என் வூட்ல நடந்தேன்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவன் மேல், என் வீட்டுக்காரர் மேல், இத்தனை மாதம் ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்திருந்த என் மேல், எல்லாம் சேர்ந்துதான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். கருவியை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து பெயர்த்தேன். கண்ணை மறைத்தால் அதற்குத் தெரியாது, ஆனால் இடத்தை விட்டுக் கழற்றினால் தெரியுமாம். சைரன் தெருவே அதிர அலறியது. எதிர் வீட்டம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். டீக் கிளாஸைக்கூட வைக்காமல் என் வீட்டுக்காரர் ஓடி வந்தார், பின்னால் மெக்கானிக்.

"இந்தாங்க உங்க செட்டிங்" என்று அதை அவர் கையில் கொடுத்தேன். அவர் சந்தனத்தைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், கேஸ் சிலிண்டர்காரர் வரைக்கும் பரவியிருந்த தன் புகழை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, டீக் கிளாஸை மெக்கானிக்கிடம் நீட்டினார்.

சைரன் நின்றது. அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து நிறுத்தியிருப்பான். உடனே ஃபிரிட்ஜ் மேல் இருந்த அக்காவின் ஃபோன் அடித்தது. பழக்கத்தில் அக்கா முதலில் அசையாமல்தான் நின்றாள். பிறகு ஹாலில் குறுக்கே, கையை வீசிக்கொண்டு நடந்து போய் எடுத்தாள். அவன் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"யாரும்மா வூட்ல? யாரு அது?"

"நான்தான்டா. வேற யாரும் இல்ல. என் வூட்ல நான்தான் நடக்குறேன். நடப்பேன், ஓடுவேன். அதுக்குக் கத்துற சாமான் எனக்கு வேணாம். சென்னைக்கும் வரல, வூட்டயும் விக்க மாட்டேன்."

"திருடன் வந்தா என்னம்மா பண்ணுவ?" என்றான்.

"நானே கத்துறேன். எதுத்த வூட்டுக்குக் கேக்கும். சிங்கப்பூருக்குக் கேக்க வேணாம்."

ஃபோனை வைத்துவிட்டு எல்லோருக்கும் காபி போட உள்ளே போனாள்.