ஐயாவோடு அரங்கனைப் பார்க்கப் போனது

திருச்சி ஜங்ஷனில் ரயில் நின்றபோது மணி பதினொன்றாகப் போயிருந்தது. சக்கர நாற்காலியை முதலில் இறக்கி, பிறகு ஐயாவைத் தூக்கி உட்கார வைத்தேன். அவர் கோயம்புத்தூரில் நூற்பாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்த பிறகு அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கூடவே இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. ஸ்ரீரங்கம் பெருமாளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பகலில் தில்லை நகரில் அவருடைய தங்கை மகன் வீடு, மாலையில் கோயில், இரவு ரயிலில் ஊர் திரும்புவது என்று ஏற்பாடு.

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் சொந்த ஊரைக் கேட்டார். லால்குடி என்றேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு எட்டு போகாமல் இருப்பதா என்றார். இருபது கிலோமீட்டர்தான். நான் அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

தங்கை மகன் டாக்டர். கீழே கிளினிக், மாடியில் வீடு. கதவைத் திறந்தவள் அவர் மனைவி, கவிதா.

லால்குடியில் அவள் அப்பாவின் வயல்களில் என் அப்பா கூலி வேலை செய்தார். அவள் காலேஜுக்கும் நான் ஐ.டி.ஐ.க்கும் ஒரே பஸ்ஸில் திருச்சிக்குப் போய்வந்தோம். இரண்டு வருடம் காதலித்தோம். விஷயம் வெளியே தெரிந்ததும் அவளுக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. கோயம்புத்தூருக்குப் பிழைக்கப் போனோம்.

அவள் பார்வை என் மேல் ஒரு கணம் நின்று ஐயாவிடம் போனது. "வாங்க மாமா" என்றாள்.

டாக்டர் நல்ல மனிதர். என்னையும் ஊர் விசாரித்தார். சொன்னதும் முகம் மலர்ந்து, "கவிதாவுக்கும் லால்குடிதான். பார்த்திருப்பீங்களே?" என்றார்.

"இல்லீங்க சார்" என்றேன்.

"எனக்கும் ஞாபகம் இல்லைங்க" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, உங்களுக்குக் கீழ ரூம்ல சாப்பாடு வச்சிருக்கு."

மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வத்தக்குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன். பசி இருந்தது. வேலைக்காரப் பெண்ணிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நாலரை மணிக்கு டாக்டரின் காரில் கிளம்பினோம். கவிதாவும் கூட வந்தாள். பாலத்தில் போகும்போது காவிரியில் பாதி மணல், பாதி தண்ணீர். கோயிலில் நாற்காலியோடு போவதற்கு ஊழியர்கள் வழிவிட்டு உதவினார்கள். சந்நிதி இருட்டில் விளக்கு வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பெருமாளின் நீண்ட திருமேனி கண்ணுக்குத் தெரிகிறது. ஐயா அழுதார்.

வெளியே சித்திரை வீதிக்கு வந்ததும் டாக்டர் காரை எடுக்கப் போனார். ஐயா கண்மூடிச் சாய்ந்திருந்தார்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன். அந்த நேரத்துல வேற ஒண்ணும் வரல" என்றாள் கவிதா.

நானும் அதைத்தானே சொன்னேன் என்றேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். கோயம்புத்தூரில் சொந்தமாக லேத் பட்டறை இருக்கிறது, நாலு பேர் வேலை செய்கிறார்கள், ஐயா தெரிந்தவர் என்பதால் துணைக்கு வந்தேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சந்தோஷம் என்றாள்.

அப்போது ஐயா கண் திறந்தார். "செல்வம், நனைஞ்சு போச்சுப்பா."

மூடியிருந்த ஒரு கடையின் ஓரமாக நாற்காலியைத் தள்ளினேன். பையிலிருந்து டயபர், துண்டு, பவுடர் எல்லாவற்றையும் கை தன் பழக்கத்தில் எடுத்து வைத்தது. வீதியில் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கவிதா பையிலிருந்த மாற்று வேட்டியை உருவி விரித்துத் திரைபோலப் பிடித்தாள்.

"நான் மறைச்சுக்கிறேன். நீ மாத்து."

மண்டியிட்டுத் துடைத்தேன். அவள் முகத்தை வீதிப் பக்கம் வைத்திருந்தாள். முடிந்ததும் வேட்டியை மடித்து என்னிடம் கொடுத்தாள். அதற்குள் கார் வந்துவிட்டது. "போலாமா அண்ணே" என்றாள்.

கோயம்புத்தூரில் என் வீட்டில் இந்த வேலையை யாரும் மறைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டால் என் மகள் உள்ளபடியே சொல்கிறாள். திருச்சியில்தான், அதுவும் ஐயாவை அருகில் வைத்துக்கொண்டே, நான் மறைத்தேன்.

மறுநாள் காலை அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பட்டறை வச்சிருக்கியாமே. என்னை விட்டுட்டுப் போயிடுவியாப்பா?"

"இல்லைங்க ஐயா, பட்டறை எல்லாம் கிடையாதுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.