முன் பிரேக்கில் எண்ணெய்

அந்தக் காப்சாய் மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கை என் கையாலேயே ஏழு தடவை பிரித்துப் போட்டிருக்கிறேன். பட்டறைக்கு எடுத்துப் போகச் சொன்னவர்களிடமெல்லாம், "எனக்குத் தெரியாததையா அவன் பார்த்துடப் போறான்?" என்று திமிராகப் பேசியவன் நான். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலேசியாவில், கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நான், மனைவி, அப்பா மூவரும் இருந்தோம். காலையில் அந்தப் பழைய எழுபது சிசி வண்டியில் மனைவியை ஏற்றிக்கொண்டு போய் சுபாங் ஜெயா பக்கம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் இறக்கிவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த அச்சகத்துக்குப் போவேன்.

அப்பா ரயில்வேயில் எண்ணெய் போடும் வேலை பார்த்தவர். நீள மூக்குள்ள குவளையை வைத்துக்கொண்டு இஞ்சினில் அசைகிற இடத்துக்கெல்லாம் ஒரு சொட்டு விடுவதுதான் உத்தியோகம். ஓய்வுபெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகும் அந்தக் குவளையை விடவில்லை. கதவுக் கீல், தையல் மெஷின், பக்கத்து வீட்டு இரும்புக் கதவு, ஒன்றும் தப்பாது. விடிந்ததும் கீழே இறங்கி என் வண்டிக்கும் ஒரு சுற்று எண்ணெய் போட்டுவிட்டுத்தான் கோப்பி குடிப்பார். "வண்டி ஜம்முன்னு இருக்குடா, பயப்படாம கூட்டிட்டுப் போ," என்பார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

முன் சக்கரம் கிர்ரென்று இரைந்ததால் நானே புது பேரிங் மாட்டினேன். இரைச்சல் போயிற்று. சில வாரத்தில் முன் பிரேக் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வினோதமான மக்கர். லீவரை அழுத்தினால் கல் மாதிரி நிற்கும். வண்டி மட்டும் நிற்காது, அது பாட்டுக்கு உருண்டு போகும். லீவர் தொளதொளவென்று இருந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று சொல்லலாம். இது கேபிள் இல்லை. ஆனாலும் கேபிளை மாற்றினேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பிடிக்கிற பிரேக் கட்டைகள் இரண்டும் பளபளவென்று மின்னின. பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். நாலு நாள் நன்றாகப் பிடித்தது. ஐந்தாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

"என்னங்க, ஒரு தடவை பட்டறையில காட்டுங்களேன். பின்னால உக்கார பயமா இருக்கு," என்றாள் மனைவி.

"பயமா இருந்தா பஸ்ல போ லா," என்றேன். அப்படித்தான் பேசினேன்.

அடுத்த வாரம் ஃபேக்டரிக்குத் திரும்பும் சந்திப்பில் முன்னால் போன லோரி சட்டென்று நின்றது. முன் பிரேக் பிடிக்கவில்லை. பின் பிரேக்கை மிதித்தேன், வண்டி சறுக்கிப் படுத்தது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. அவளுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பூதக்கண்ணாடிக்கு அடியில் முடி போன்ற கம்பியை ஒட்டவைக்கிற கை அது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் நடுங்கின. ஃபேக்டரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த அன்றே சக்கரத்தைப் பிரித்தேன். கட்டைகள் எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தால் அப்பா பக்கத்தில் நிற்கிறார், கையில் குவளை. எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"பிரேக்குக்கு யாராச்சும் எண்ணெய் ஊத்துவாங்களா? அவ கையை ஒடைச்சது நீங்கதான்!"

மாடியில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அப்பா தன் விரல்களைப் பார்த்தார். பிறகு மேலே போய் சோப்பு போட்டுக் கை கழுவினார். அதன்பின் வீட்டில் எதையும் தொடவில்லை. மருமகள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். "மாமா, விடுங்க மாமா," என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் காஜாங்கில் இருந்த என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை.

புதுக் கட்டைகள் வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம் பிரேக் கச்சிதமாக இருந்தது. மூன்றாம் வாரம் லீவர் மறுபடி கல்லாயிற்று, வண்டி உருண்டது. வீட்டில் இப்போது எண்ணெய்க் குவளையே கிடையாது. அன்றுதான் முதல் தடவையாகச் சீனர் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் சக்கரத்தைக் கழற்றினார். கட்டையில் ஒரு விரலைத் தேய்த்து முகர்ந்தார். "இனி புக்கான் மிஞாக், பாஸ். இனி கிரிஸ்," என்றார் மலாயில். எண்ணெய் இல்லை, கிரீஸ். பேரிங்குக்குள்ளிருந்து வருகிறதாம். பிரேக் சூட்டில் இளகி, கட்டையில் கசிகிறதாம். அங்கே ஒரு ரப்பர் சீல் இருக்க வேண்டுமே, அது எங்கே என்று கேட்டார்.

அது எங்கே என்று எனக்குத் தெரியும். பேரிங் மாற்றிய அன்று பழைய சீல் கிழிந்திருந்தது. இது ஒரு வளையம்தானே, இதற்காக யார் கடைக்கு அலைவது என்று குப்பையில் போட்டேன். இருக்கட்டும் என்று கிரீஸை இரண்டு மடங்கு அப்பி மூடினேன். ஐயோ! செய்தவன் நான். அத்தனை தடவை பிரித்தும் என் வேலையை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை.

மறுநாளே மனைவியோடு காஜாங்குக்குப் பஸ் ஏறினேன். அப்பா முன்னால் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். காலைத் தொட்டேன், அழுதேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலையைத் தடவி, "போதும் லா. எனக்காகப் பழியை உன் மேல போட்டுக்காத," என்றார். அவள் சத்தியம் செய்து பார்த்தாள். அவர் அவளுடைய மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, "இன்னும் வலிக்குதாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கப்புறமும் மூன்று தடவை போய்ச் சொன்னேன். மூன்று தடவையும் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து அக்கா வீட்டிலேயே கண்ணை மூடினார். சுடுகாட்டில் காடேற்றிவிட்டுத் திரும்பும்போது அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் உன்னைப் பத்திதான் பேச்சு, தம்பி. 'என்னால என் மருமக கை போச்சு, ஆனா என் மவன் என்னை மன்னிச்சுட்டான்'னு வர்றவங்க கிட்டெல்லாம் சொல்லுவாரு. உனக்குப் பெரிய மனசுப்பா."